கைகொடுப்பது கணக்கே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பேரிடரில் மக்களைக் காப்பது கருணையா, கணக்கா?" என்பது தலைப்பு. கணக்கு என்று எங்கள் அணி சொல்வது ஆட்டக் கோட்பாட்டை, அதாவது ஒருவர் முடிவு அடுத்தவர் முடிவையும் பொறுத்தது என்று பார்க்கும் கணக்கை. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "வெள்ளத்தில் தத்தளிப்பவனிடம் போய் ஆட்டக் கோட்பாடு பேசுவீர்களா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, தத்தளிக்கும்போது பேச வேண்டாம், வெள்ளம் வருவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அன்றைக்குக் கருணைக்குப் பஞ்சமா? லாரி லாரியாக வந்து இறங்கியது. அதில் ஏராளம் பழைய துணி! உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது, அதை அப்புறப்படுத்துவதே தனி வேலையானது. லாரி எளிதாகப் போகிற ஊருக்கு நிவாரணத்துக்கு மேல் நிவாரணம். உள்ளே தள்ளியிருந்த ஊர் காத்துக் கிடந்தது. அனுப்பியவர்களில் ஒருவராவது கெட்டவரா? இல்லை. அடுத்தவர் எங்கே, எதைக் கொண்டுபோகிறார் என்பது தெரியாது, அவ்வளவுதான். மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் வந்து, எந்த ஊருக்கு எது தேவை, யார் போகிறார்கள் என்பதை ஒரே இடத்தில் திரட்டிய பிறகுதான் நிலைமை மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

ஆட்டக் கோட்பாடு என்றால் சூதாட்டம் என்று நினைக்க வேண்டாம். நான் எடுக்கும் முடிவு பலிப்பது, நீங்கள் எடுக்கும் முடிவையும் பொறுத்தது. அதைக் கணக்காகப் போடுவதுதான் அது. அவரவர் தமக்குச் சரியென்று பட்டதைச் செய்து, தனியாக யாரும் மாறிக்கொள்ள விரும்பாத ஒரு நிலையில் போய் நிற்கலாம். அந்த நிலை ஊருக்கே கேடாகவும் இருக்கலாம். 1950-இலேயே இந்தச் சமநிலையைக் கணிதமாக்கியவர் ஜான் நாஷ்.

நம்பிக்கை இல்லையா? அமெரிக்காவின் டெக்சாஸுக்கு வாருங்கள். 2005 செப்டம்பர். சில வாரம் முன்புதான் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்ததை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தார்கள். ரீட்டா புயல் வருகிறது என்றதும் ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து சுமார் 25 லட்சம் பேர் காரை எடுத்தார்கள். போக வேண்டிய கடலோரத்தாரோடு, போகவே தேவையில்லாத உள்நகரத்தாரும்! நெடுஞ்சாலை அப்படியே உறைந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தி, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் ரீட்டாவுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் காற்றில் சாகவில்லை, தப்பி ஓடும் வழியில் செத்தார்கள். "சீக்கிரம் கிளம்பு" என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரியான முடிவு. எல்லோரும் சேர்ந்து எடுத்ததுதான் வினை. அப்புறம்தான் அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து வட்டாரம் பிரித்து, கடலோரம் முதலில், மற்றவர்கள் பின்னால் என்று வரிசை வைத்தார்கள்.

"மனிதன் கணக்குப்படி நடப்பானா?" என்று எதிரணி கேட்கும். நடக்கிறான் ஐயா, ஆனால் அவன் கணக்கு வேறு! புயல் எச்சரிக்கை வந்தும் ஒருவர் வீட்டைவிட்டு நகரவில்லை என்றால் அது முட்டாள்தனம் இல்லை. மாட்டை யார் பார்ப்பார்கள், பூட்டை உடைத்தால் யார் கேட்பார்கள், போன தடவை போய்ப் புயலே வரவில்லையே என்று அவர் மனதில் ஒரு வரவு செலவு ஓடுகிறது. "வந்துவிடு தாயே" என்று கெஞ்சினால் அது மாறாது. மாட்டுக்கு இடம், வீட்டுக்குக் காவல், பொய்க்காத எச்சரிக்கை, இத்தனையும் தந்தால் மாறும்.

1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013-இல் அங்கே பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள். பலி சில பத்துகளோடு நின்றது. நடுவரின் கை மணியை நோக்கிப் போவது தெரிகிறது, முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 1999-இலும் ஒடிசாவில் கருணை இருந்ததே, பிறகு 2013-இல் மாறியது எது?

நன்றி, வணக்கம்.