அரைப்பது எதை என்று தெரிந்து செய்த பொருள்

வணக்கம். மேசையின் இடப்பக்கம் இருப்பது பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓடும் மிக்சி. வலப்பக்கம் இருப்பது, உறவினர் வெளிநாட்டிலிருந்து அன்போடு வாங்கி வந்து, நான்கே மாதத்தில் புகைந்து நின்றுபோன பிளெண்டர்.

அதை மட்டமான பொருள் என்று சொல்ல மாட்டேன். பழமும் பாலும் அடிக்கும் சமையலறைக்காக அது செய்யப்பட்டது. எங்கள் அம்மாவோ தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் போட்டுக் கால் டம்ளர் தண்ணீர்தான் விடுவார். உயரமான ஜாரின் ஓரத்தில் தேங்காய் ஒட்டிக்கொள்ள, பிளேடு அடியில் வெறுமனே சுற்றியது. ஊறவைத்த உளுந்தைப் போட்ட அன்று மோட்டார் கருகிவிட்டது. திறந்து பார்க்க ஒரு திருகாணிகூட வெளியில் இல்லை. உதிரிபாகமும் கிடைக்கவில்லை. ஒரு பண்பாட்டின் சமையலை அறியாமல் அதன் வீட்டுக்குள் வரும் பொருள் இப்படித்தான் குப்பையாகிறது.

1960களில் மும்பையிலும் இதுவே நடந்தது. மாதுரி மாத்தூர் பயன்படுத்திய ஜெர்மன் மிக்சி பழுதாகி, அதைச் சரிசெய்ய வழியில்லாமல் போகவே, பொறியாளரான அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் நம் ஊர் மசாலாவையும் மாவையும் தாங்கும் மோட்டாரோடு ஒரு மிக்சியை உருவாக்கினார். அதுதான் சுமீத். இட்லி மாவுக்கு மட்டும் மிக்சியின் சூடு ஆகாது; அதற்குக் கோயம்புத்தூர் கிரைண்டரின் கல்லே பொருத்தம். கல் தேய்ந்தாலும் கொத்திக்கொள்ளலாம்.

இப்போது கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். ஜாரைத் தூக்கியதும் தெரிகிற, மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கொடுக்கும் இந்தக் கறுப்புப் பல்சக்கரம்தான் கப்ளர். ஜாரின் பிளேடு இறுகிச் சுற்ற மறுத்தால் முதலில் உடைவது இதன் பற்கள். பெரும்பாலும் மோட்டார் தப்பிவிடும். அடியில் உள்ள சிவப்புப் பட்டன், சுமை கூடும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஜாரில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ், மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கட், மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை. எது தேயும் என்பதை முன்கூட்டியே யோசித்து, அதை மலிவாகவும் கழற்றும்படியும் வைத்த அந்த அறிவை நான் மனதார மதிக்கிறேன். அடிப்பாகத்தை எளிதில் திறக்க முடியாமல் மூடிவிட்டு, பளபளப்பை மட்டும் காட்டி விற்கும் மிக்சிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்ற வாரம் பற்கள் உடைந்த பழைய கப்ளரைத் தெருமுனைக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்கவே இல்லை. கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த கப்ளர்களில் ஒன்றை எடுத்து, பல்லோடு பல் வைத்துப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.