அரங்கேற்றாமல் விட்டதும் அவர் முடிவு

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோரே, எதிரணித் தோழர்களே, வணக்கம்.

கலைஞர் மறைத்து வைத்த படைப்பை உலகுக்கு எடுத்துக் காட்டுவது அறமா, அத்துமீறலா? இதுதான் தலைப்பு. அத்துமீறலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், குடத்திலிட்ட விளக்கைக் குன்றின்மேல் ஏற்றினார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குடம் யாருடையது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அவர் சொன்ன, புகைப்படக்காரர் விவியன் மேயரின் கதையையே நானும் எடுத்துக்கொள்கிறேன். 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாய் பிரெஞ்சுக்காரி. 1956இல் சிகாகோ பக்கம் வந்து, வசதியான வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே வேலைதான். கழுத்தில் எந்நேரமும் ஒரு ரோலிஃபிளெக்ஸ் கேமரா தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் கேமராவைக் கண்ணருகே தூக்கிப் பிடிக்க வேண்டாம். அது வயிற்றுக்கு மேலே தொங்கும்; தலையைக் குனிந்து, மேலிருந்து உள்ளே பார்த்தால் போதும். எதிரே நிற்பவருக்கு, இந்த அம்மாள் பையில் எதையோ தேடுகிறார் என்றுதான் தோன்றும். அதற்குள் ஒரு படம் விழுந்திருக்கும். இடுப்பு உயரத்திலிருந்து எடுப்பதால் தெருவில் நிற்கும் சாதாரண மனிதரும் கொஞ்சம் நெடிதுயர்ந்து, ராஜா மாதிரித் தெரிவார்.

படங்கள் பிரமாதமானவை. அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு தொழிலாளி பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கி இறக்குகிறார். அது திரும்பிய ஒரு நொடியில் மேயர் அதற்குள் வந்துவிடுகிறார், கேமராவும் கையுமாக. தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படங்கள் அவரிடம் ஏராளம். கடைக் கண்ணாடியில், குளியலறையில், புல்தரையில் விழும் தொப்பி நிழலில். பெரும்பாலும் யாரிடமும் காட்டியதில்லை. வேலைக்குச் சேரும் வீட்டில், தன் அறைக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர். சில இடங்களில் சொந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் ஸ்மித் என்று சொல்லிக்கொண்டவர்.

வயதான காலத்தில் கையில் காசில்லை. பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த கிடங்குக்கு வாடகை பாக்கி. 2007இல் கிடங்குக்காரர்கள் பெட்டிகளை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளூர் வரலாற்று நூலுக்குப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டியை ஏறத்தாழ 400 டாலருக்கு எடுத்தார். மற்றதை வேறு சிலர் எடுத்தார்கள்.

நடுவர் அவர்களே, அப்போது மேயர் உயிரோடு இருக்கிறார்! அதே ஊர்ப்பக்கம், முதியவராக. எதிரணித் தலைவர் 'இறந்த பின் கிடைத்த புதையல்' என்று உருகினாரே, அந்தப் பெட்டி திறந்தபோது உரியவர் இறக்கவே இல்லை. 2009 ஏப்ரலில் இறந்தார். வாங்கியவருக்கு அது இரங்கல் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் படங்கள் இணையத்தில் ஊர்வலம் போயின. பிறகு புத்தகங்கள், கண்காட்சிகள், ஆஸ்கர் பரிந்துரை வரை போன ஆவணப்படம். காப்புரிமை யாருக்கு என்று வழக்கறிஞர்கள் கிளம்பினார்கள்; அந்த வழக்கு நியாயத்தை நான் தொடவில்லை. அங்கே பேசப்பட்டதெல்லாம் காசு யாருக்கு என்பதுதான்.

என் கேள்வி வேறு. ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ். கழுவாமலே விட்ட ஃபிலிம் ரோல் மட்டும் 2,000க்கு மேல். அதாவது, தான் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அவரே பார்க்கவில்லை. அவர் பார்க்காததை நாம் பார்த்து, இது நல்ல படம், இது சுமார் என்று மதிப்பெண் போடுகிறோம். படம் எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள், விரலை அழுத்துவது பாதி வேலைதான் என்பார். எதை வைப்பது, எதைத் தள்ளுவது, ஓரத்தில் எங்கே வெட்டுவது என்பது மீதிப் பாதி. மேயர் தன் கையால் போட்டு வைத்த சில ஆயிரம் பிரிண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஓரத்தை வெட்டியிருக்கிறார். இன்று காட்சிக்கூடத்தில் தொங்குபவை பெரும்பாலும் வெட்டாத முழுச் சதுரங்கள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அழகு யாருடைய தேர்வு?

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, அரங்கேற்றம். நூலை எழுதி முடித்தால் போதாது. அவை முன் வைக்க வேண்டும். தொல்காப்பியப் பாயிரமே, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்க, நூல் அரங்கேறிய கதையைத்தான் சொல்கிறது. அவையில் நிற்பது ஆசிரியரின் துணிச்சல். நிற்காமல் இருப்பதும் அவருடைய உரிமை. இன்னொருவர் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து மேடையில் நிறுத்துவதற்கு அரங்கேற்றம் என்று பெயரில்லை.

உடனே உ.வே.சா.வைக் கொண்டு வந்தார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார். 1887இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சேற்றாவிட்டால் என்னாகும் என்று கேட்டார். அம்மா, திருத்தக்கதேவர் சிந்தாமணியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. பல நூறு ஆண்டுகள் படித்தார்கள், நச்சினார்க்கினியர் உரையே எழுதினார். பிற்காலத்தில் கவனிப்பாரில்லாமல் ஏடு செல்லரித்தது. கரையான் வாயிலிருந்து பிடுங்குவது மீட்பு. ஆசிரியர் கையிலிருந்து பிடுங்குவதற்கு வேறு பெயர்.

எழுத்தாளர் காஃப்காவைச் சொன்னார்கள். தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடு என்று எழுதி வைத்தார். நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. 1925இல் 'விசாரணை' நாவல் வந்தது. சரி. எரிக்க மாட்டேன் என்று காஃப்காவிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாக பிராட் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் காஃப்கா வேறு ஆளைத் தேடவில்லை. அங்கே இரண்டு நண்பர்களுக்கு இடையே ஒரு பேச்சாவது நடந்திருக்கிறது. ஏலக்கூடத்தில் என்ன பேச்சு நடந்தது?

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கதை எனக்கே சாதகம். 1886இல் அவர் இறந்த பின் ஏறத்தாழ 1,800 கவிதைகள் கிடைத்தன. 1890இல் முதல் தொகுப்பு போட்டவர்கள் அவர் வரிகளுக்கிடையே போட்ட சிறு கோடுகளை எடுத்தார்கள், சொற்களை மாற்றினார்கள், இல்லாத தலைப்புகளைச் சூட்டினார்கள். நல்லெண்ணம்தான்! அதைச் சரிசெய்து முழுப் பதிப்பு வர 1955 ஆனது. அங்கே கையெழுத்துப் பிரதி இருந்ததால் திரும்பிப் போக முடிந்தது. கழுவாத ரோலுக்கு எந்தப் பிரதிக்குத் திரும்பிப் போவது?

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போனால் நான் கோழை. தாயின் சொந்த ஊர்ப்பக்கம், பிரான்சில் தனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரருக்கு, தன் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தருவீர்களா என்று மேயர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா, ஆசை இருந்தது என்கிறார்கள். இருந்திருக்கலாம். ஆனால் கடிதம் போனது, முன்பே தன் படங்களைப் போட்டுத் தந்த, தன் கணக்கு தெரிந்த ஒருவருக்கு. எனக்கு இவர்தான் போட வேண்டும் என்று ஆளைத் தேர்ந்தெடுத்தவர், யார் வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொன்னதாக அதற்கு உரை எழுதுகிறீர்களே!

தெருவில் போகிறவர்களைக் கேட்காமலே எடுத்தாரே, அவருக்கு என்ன அந்தரங்கம் என்று கடைசியாகப் பேசிய தம்பி கேட்டார். கூர்மையான கேள்வி தம்பி, உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. அவர் எடுத்தது தெருவில் நின்றவரை. நீங்கள் திறந்தது பூட்டிய அறையை. எடுத்ததையும் அவர் ஊருக்குக் காட்டவில்லை.

என் வீட்டுச் சங்கதி ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் பெரியம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், சேலை ஓரத்தால் கட்டி மூன்று முடிச்சு. அவிழ்க்க வரவில்லை, அரிவாள்மனையில் வைத்து அறுத்தோம். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் ஒரு முகம். அவர் வரைவார் என்று பெரியப்பாவுக்கே தெரியாது. வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பெரியப்பா, கணக்குப் பார்க்கும் மளிகைக்கடைக்காரர், நான். வீடே சிரித்தது. என் தம்பி கைப்பேசியில் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். அடுத்த தாளில் என் அம்மா, அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். எதற்கு அழுதார், எப்போது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா வந்தார், அந்தத் தாளை வாங்கினார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குள் அது நாற்பது கைப்பேசிகளுக்குப் போயிருந்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்தப் பெட்டியில் இன்னொரு கட்டும் இருந்தது. இப்போது என் அலமாரியில் இருக்கிறது, மூன்று முடிச்சோடு.

நன்றி, வணக்கம்.