1,458 இன்னிங்ஸுக்கு ஒரு கணக்கு: டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று பெருக்கினால் 1,458 வரும். குளிர்காலத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எத்தனை கோடி டாலர் கைமாறியது என்று செய்திகள் வரும்போதெல்லாம் நான் முதலில் ஒரு தாளை எடுத்து அதன் தலைப்பில் இந்த எண்ணைத்தான் எழுதுவேன். ஓர் ஆண்டுச் சாப்பாட்டுக்குக் குதிரில் நெல் போதுமா என்று அளப்பவர், நெல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மூட்டை இருக்கிறது என்றுதான் கேட்பார். பந்து எறிபவர்களான பிட்சர்களின் வரிசையையும் அப்படித்தான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை வைத்து அதை இன்று விளக்குகிறேன்.

கிரிக்கெட் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு ஒரு சொல் மட்டும் முன்கூட்டியே. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஆறு பந்து போட்டுவிட்டு ஓர் ஓவர் ஓய்வெடுக்கலாம். களைத்தால் தேர்டு மேனில் நின்றுவிட்டு மாலையில் மறுபடியும் வீச வரலாம். பேஸ்பாலில் பிட்சர், மட்டையாளர் மூவரை அவுட்டாக்கும் வரை, அல்லது அவருக்குப் பதிலாக வேறொருவர் வரும் வரை, எல்லாப் பந்துகளையும் தாமே எறிய வேண்டும். ஓர் இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பதினாறு பந்துகள் ஆகும். ஆட்டத்தைத் தொடங்குபவர் தொண்ணூறு, நூறு பந்துகள் எறிந்ததும் பெரும்பாலும் வெளியேறுகிறார். ஆட்டத்தை விட்டு வெளியேறியவர் அன்று திரும்பி வர விதியில் இடமில்லை. மீதியை எறிவதற்காக மைதானத்தின் ஓரத்தில் புல்பென் எனப்படும் அடைப்பில் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே, தொடக்க பிட்சர் ஒருவர் இல்லாமல் போனால், அவருடைய சுமை அன்றைக்கே அந்த ஏழெட்டுத் தோள்களின் மேல் இறங்கிவிடுகிறது.

2024-25 குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் செய்த மாற்றங்கள் பலரையும் திகைக்க வைத்தன. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இருமுறை வென்ற பிளேக் ஸ்னெல்லை ஐந்தாண்டுகளுக்கு 18.2 கோடி டாலருக்கு எடுத்தார்கள். ஜப்பானின் ரோகி சசாகி, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டு வீரர்களுக்கான தொகை வரம்பு விதியினால், வெறும் 65 லட்சம் டாலர் கையொப்பத் தொகைக்கு வந்து சேர்ந்தார். யமமோட்டோ, கிளாஸ்னோ என்ற தொடக்க பிட்சர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு பருவம் முழுவதும் மட்டையோடு மட்டும் ஆடிய ஒதானி மீண்டும் எறியப் போகிறார் என்றும் சொல்லப்பட்டது. ஐந்து பெயர்களையும் வரிசையாகப் படித்தவர்கள், இப்படி ஒரு தொடக்க வரிசை இதுவரை அமைந்ததில்லை என்று எழுதினார்கள். போனவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. 2024 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், ஒருநாள் ஓய்வோடு வந்து ஒன்பதாவது இன்னிங்ஸை எறிந்து பட்டத்தை முடித்துக் கொடுத்த வாக்கர் பியூலர் பாஸ்டனுக்குப் போனார். ஜாக் ஃபிளாஹெர்ட்டி டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார்.

என் தாளில் அந்தப் பெயர்களுக்கு எதிரே இன்னிங்ஸை எழுதியபோது படம் மாறியது. ஸ்னெல் 180 இன்னிங்ஸ் எட்டியது இரண்டே பருவங்களில்தான், 2018-லும் 2023-லும். இரண்டிலும் சை யங் விருது பெற்றார். மற்ற எந்தப் பருவத்திலும் அவர் 130-ஐத் தொடவில்லை. கிளாஸ்னோ தம் வாழ்நாளிலேயே அதிகமாக எறிந்தது 2024-ல், அதுவும் 134 இன்னிங்ஸ்தான். தோள் வலியால் பாதிப் பருவம் ஒதுங்கியிருந்த யமமோட்டோ அவ்வாண்டு எறிந்தது 90. திறமையில் எவருக்கும் குறைவில்லை. ஆனால் அந்தத் திறமை ஆண்டு முழுவதும் கையில் இருக்கும் என்பதற்கு அவர்களுடைய பழைய பக்கங்களில் சான்று குறைவாகவே இருந்தது.

2025 பருவம் முடிந்ததும் வந்த கணக்கு இது. யமமோட்டோ ஏறத்தாழ 174, கிளாஸ்னோ 90, ஸ்னெல் 61, ஒதானி 47, சசாகி 36. இவர்களுடன், பருவம் தொடங்கும் முன் கணக்கிலேயே பலர் சேர்க்காத முதுபெரும் வீரர் கிளேட்டன் கெர்ஷா 113. ஆறு பேரும் சேர்ந்து 521; அதாவது 1,458-ல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதோடு 1993-ன் அட்லாண்டா பிரேவ்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். 1992 டிசம்பரில் கிரெக் மேடக்ஸை ஐந்தாண்டுகளுக்கு 2.8 கோடி டாலருக்கு எடுத்து, கிளாவின், ஸ்மோல்ட்ஸ், ஏவரி என்ற மூவரோடு சேர்த்தார்கள். அந்த நால்வர் மட்டும் 142 ஆட்டங்களைத் தொடங்கினார்கள். 973 இன்னிங்ஸ், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, அவர்களுடையது. மேடக்ஸ் ஒருவரே 267. அணி 104 ஆட்டங்களை வென்றது. பயிற்சியாளர் லியோ மஸோன், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே தம் பிட்சர்களை இருமுறை பந்து எறியும் மேட்டில் ஏற்றி, முழு வேகம் காட்டாமல் எறியச் செய்து, தோளைப் பழக்கத்திலேயே வைத்திருந்தார் என்பதை அந்த அணியைப் பற்றிப் பேசும் எவரும் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

இன்று அப்படி ஒரு நால்வரை எந்த அணியும் எதிர்பார்க்க முடியாது. சராசரி வேகப்பந்தே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிய வேண்டியிருக்கிறது. அதன் விலையை முழங்கையின் உட்புறத்தில் உள்ள ஒரு சிறிய தசைநார் கொடுக்கிறது. 1974-ல் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் வலக்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். அதற்கு முன் அந்தக் காயம் பட்டவரின் ஆட்டம் முடிந்ததாகவே பொருள். டாமி ஜானோ 1976-ல் திரும்பி வந்து, அறுவைக்குப் பின் மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். அந்தச் சிகிச்சை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதற்கு ஆளானவர் திரும்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். எனவே, ஒரு பெயருக்கு எதிரே இன்னிங்ஸ் எழுதும்போது அவருடைய முழங்கையின் வரலாற்றையும் எழுதாமல் விட்டால் கணக்கு பாதிக் கணக்குதான்.

புல்பென்னுக்கு வருகிறேன். அந்தக் குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் மிகத் தாராளமாகச் செலவிட்டதும் இங்கேதான், மிக மோசமாக ஏமாந்ததும் இங்கேதான். டானர் ஸ்காட்டுக்கு நான்காண்டுகளுக்கு 7.2 கோடி டாலர், பிளேக் டிரைனனுக்கு ஈராண்டுகளுக்கு 2.2 கோடி, கர்பி யேட்ஸுக்கு ஓராண்டுக்கு 1.3 கோடி. பருவ முடிவில் மூவரும் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன் 4.74, 5.40, 5.23. கடைசி இன்னிங்ஸைக் காக்க வந்த ஸ்காட், கையிலிருந்த முன்னிலையைப் பத்து முறை பறிகொடுத்தார். முந்தைய ஆண்டு முழுவதிலும் மூன்றே ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) விட்டவர், 2025-ல் பதினொன்று விட்டார். அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. புல்பென்னிலிருந்து வரும் மாற்று பிட்சர் ஆண்டுக்கு அறுபது இன்னிங்ஸ்தான் எறிகிறார். அவ்வளவு சிறிய அளவில், ஸ்லைடர் என்னும் வளையும் பந்து ஓர் அங்குலம் குறைவாக வளைந்தாலும் முழு ஆண்டும் சரிந்துவிடுகிறது. முந்தைய பருவத்தின் எண்ணை நம்பி நான்காண்டு ஒப்பந்தம் கொடுப்பது, ஒரு மழைக்காலத்தைப் பார்த்து நான்கு போகத்துக்குக் குத்தகை பேசுவதற்குச் சமம். இப்படிப்பட்ட இடத்தில் விலை பேசப்படாத கைகள்தான் உதவின. ஜாக் டிரையர், பென் காஸ்பேரியஸ், முழங்கைச் சிகிச்சை முடிந்து ஆண்டின் நடுவில் திரும்பிய எம்மெட் ஷீஹன் ஆகிய மூவரும் ஆளுக்கு எழுபது இன்னிங்ஸுக்கு மேல் சுமந்தார்கள்.

அப்படியானால் பெயர்களுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் இருக்கிறது. இடையிடையே ஓய்வு நாள் வருவதால் அந்த மாதத்தில் நான்கு தொடக்க பிட்சர்கள் போதும். கோடை முழுவதும் காயத்தில் கழித்தவர்களும் அப்போது புதுத் தோளோடு வந்து நிற்கலாம். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், 2025 நவம்பர் 1, டொரண்டோ. ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, ஓர் அவுட், ரன் எடுக்கக் கடக்க வேண்டிய மூன்று தளங்களில் இரண்டில் எதிரணியினர். முந்தைய இரவு 96 பந்துகள் எறிந்து ஆறாவது ஆட்டத்தை வென்ற யமமோட்டோ, புல்பென் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வந்ததும் அவருடைய பந்து அலெஹாண்ட்ரோ கிர்க்கின் மேல் பட்டது. அதற்கு ஈடாக அவரும் ஒரு தளத்துக்கு வர, மூன்று தளங்களும் நிறைந்தன. அடுத்தவர் தரையில் அடித்த பந்தை மிகெல் ரோஹாஸ் தடுமாறி எடுத்து எறிய, அதைப் பிடித்த கேட்சர் வில் ஸ்மித்தின் கால், ரன் முடியும் இடமான தட்டை விட்டு எழுந்து, ரன் ஓடி வந்தவரின் கால் படுவதற்கு இமைப்பொழுது முன்னால் மீண்டும் தட்டில் பட்டது. நான் அந்தக் காட்சியை மெதுவோட்டத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூச்சு நிற்கிறது. அதன்பின் யமமோட்டோ பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை எறிந்து 34 பந்துகளில் ஆட்டத்தை 5-4 என்று முடித்தார். அந்த ஓர் இரவில் ஒதானி, கிளாஸ்னோ, ஸ்னெல், யமமோட்டோ நால்வருமே எறிந்தார்கள். மார்ச்சில் எழுதிய பட்டியலின் நான்கு பெயர்கள் நவம்பரில் ஒரே ஆட்டத்தில் வந்து நின்றன.

இனி 2025-26 குளிர்கால மாற்றங்களுக்கு வருவோம். எட்வின் டியாஸ் நியூயார்க் மெட்ஸை விட்டு மூன்றாண்டுகளுக்கு 6.9 கோடி டாலருக்கு வந்திருக்கிறார். 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ரன் 1.63, 66 இன்னிங்ஸில் 98 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்டாக்குவது) செய்தார். 2023 உலக பேஸ்பால் கிளாசிக் தொடரில் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது முழங்கால் நாண் அறுந்து ஓராண்டை முழுதாக இழந்தவர், அதிலிருந்து மீண்டு வந்து இதைச் செய்திருக்கிறார். மாற்று பிட்சர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் தருவதில் எனக்கு உள்ள தயக்கத்தைச் சொன்னேன். இருந்தும் இதை நான் சரி என்றே கருதுகிறேன். அணியின் ஓட்டை கடைசி இன்னிங்ஸில்தான் இருந்தது. நம்பகமாகவும் சிறப்பாகவும் எறியும் ஒருவர் அங்கே நிலைத்தால், ஸ்காட்டும் டிரைனனும் அழுத்தம் குறைந்த ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸுகளுக்கு நகரலாம்.

கெர்ஷா ஓய்வு பெற்றுவிட்டார். இதைப் பிரியாவிடைச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது தவறு. 2025-ல் 22 ஆட்டங்களைத் தொடங்கி, அவற்றில் பதினொன்றை வென்று இரண்டில் மட்டுமே தோற்றவர் அவர். வேகம் போன பிறகும், ஸ்லைடரை முழங்கால் உயரத்தில் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வைத்து, ஐந்தாவது இன்னிங்ஸ் வரை அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்த கை அது. இந்த 113 இன்னிங்ஸை வேறு யார் எறியப் போகிறார்கள் என்பதே இந்த அணியைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி.

2026 பருவத்துக்கான என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. யமமோட்டோ 165, ஸ்னெல் 120, ஷீஹன் 120, கிளாஸ்னோ 110, ஒதானி 110, சசாகி 90. கூட்டினால் 715, ஏறத்தாழ பாதிப் பருவம். 2025-ன் மூன்றில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இதில் எனக்குக் கவலை தரும் எண் யமமோட்டோவினுடையது. 2025 பருவத்தில் 174, பிளேஆஃப் ஆட்டங்களில் 37, ஆக 211 இன்னிங்ஸ் எறிந்த தோள் அவருடையது. ஆறு பேரைச் சுழற்சியில் வைத்து ஆளுக்கு ஐந்து, ஆறு நாள் ஓய்வு தருவதை இந்த அணி கைவிடக் கூடாது. மறுபுறம், 2024-ல் இந்த அணிக்காக அதிகபட்சமாக 140 இன்னிங்ஸ் எறிந்துவிட்டுத் தோள் அறுவை சிகிச்சைக்குப் போன கேவின் ஸ்டோன், முழங்கைச் சிகிச்சைக்குப் போன ரிவர் ரயன் ஆகிய இருவரும் 2025 பருவத்தை முழுதாக இழந்தவர்கள். அவர்கள் திரும்பினால், கெர்ஷா விட்டுச்சென்ற இடத்தின் பெரும்பகுதி நிரம்பும். இவர்களை எந்தத் தலைப்புச் செய்தியும் பேசவில்லை. ஆனால் என் தாளில் டியாஸின் பெயருக்கு மேலேதான் இவர்களுடைய பெயர்களை எழுதியிருக்கிறேன்.

சசாகிக்கு எதிரே 90 என்று எழுதியதும் பென்சிலை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். 2025 மே மாதம் தோள் வலியோடு அவர் வெளியேறியபோது வேகப்பந்து 154 கிலோமீட்டரைச் சுற்றியே இருந்தது. மட்டையை நெருங்கும்போது கீழே விழும் ஸ்பிளிட்டரைத் தவிர மட்டையாளர்களைக் குழப்ப வேறு பந்து இல்லை. செப்டம்பரில் புல்பென்னிலிருந்து வந்தபோது அதே கை 160-ஐத் தொட்டது. ஒரே இன்னிங்ஸ் என்றால் இரண்டு பந்து வகைகள் போதும். மட்டை வரிசை மூன்றாம் முறை சுற்றி வரும்போது போதாது. ஏப்ரல் மாத ஆட்டங்களைக் கேட்கும் நேயர்கள், சசாகி எத்தனை பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார் என்பதைக் காட்டிலும், ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது அவர் எத்தனை பந்துகள் எறிந்திருக்கிறார், அவற்றில் மூன்றாவது வகைப் பந்து எத்தனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பந்துகள் எழுபதுக்குள் இருந்தால் அந்தத் தொண்ணூறைப் பேனாவால் எழுதிவிடலாம்.

வணக்கம்.