துருப்பிடித்த கெரிஸும் தேங்காய்த் தண்ணீரும்

தலைமை ஏற்றிருக்கும் டத்தோ அவர்களே, அருங்காட்சியகத் துறையிலிருந்து இன்றைய வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த நிர்வாகத்தினரே, முன்வரிசைத் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். டத்தோவுக்கு இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றனவாம். அப்படியிருந்தும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். பொறுமைதான் இன்றைய தலைப்பே. பதறாத காரியம் சிதறாது.

கெரிஸ் என்னும் பழைய மலாய்க் குத்துவாளைச் சுத்தம் செய்து காப்பது பற்றி நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன். துருவை எடுப்பது, அலகின் கோலத்தை மீட்பது, உறையின் மரத்தைக் காப்பது, வெள்ளிப் பூணைத் துலக்குவது.

பாட்டன் வைத்துவிட்டுப் போன கெரிஸை அலமாரியிலிருந்து எடுக்கிறீர்கள். அலகு உறையைவிட்டு வர மறுக்கிறது. பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே துரு ஊதி மரத்தைக் கவ்வியிருக்கும். பலம் காட்டினால் உறை வாயோடு பிளக்கும். பூட்டில் சாவி தடவுவதுபோல மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் அசைத்து எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். பழைய அலகில் பாஷாணம் பூசியிருப்பார்கள். அந்தத் துருத்தூளை வாயால் ஊதவே கூடாது.

அடுத்தது ஹூலு, அதாவது கைப்பிடி. அலகின் வாலை மலாய்க்காரர்கள் பூத்திங் என்பார்கள். பல கெரிஸ்களில் அதைக் கைப்பிடிக்குள் அரக்கோ பிசினோ வைத்து இறுக்கியிருப்பார்கள். கைப்பிடியைச் சுடக்கூடாது: மரம் கருகும், தந்தமும் கொம்பும் வெடிக்கும். அலகின் அடிப்பக்கத்தைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் மெல்ல மெல்லச் சூடாக்குங்கள். சூடு இரும்பு வழியே போய்ப் பிசினை இளக்கும். பிறகு துணி சுற்றிப் பிடித்து லேசாகத் திருகுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். துரு தின்ற பூத்திங் பென்சில் முனைபோல் மெலிந்திருக்கும். அது ஒடிந்தால் ஒட்டவைப்பது பெரும்பாடு.

இங்கே ஒரு கதை. பேராக் மாநிலத்தில் ஒரு கிராமத்து வீடு. தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பேரன் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தான். கறுத்துக் கிடந்த கெரிஸை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு மோட்டார் பட்டறைக்குப் போனான். பட்டறைக்காரர் தங்கமான மனிதர், காசே வாங்கவில்லை. முதலில் கழிப்பறை கழுவும் ஆசிட். அது நுரைத்துப் பொங்கியபோது இரண்டு பேருக்கும் ஆனந்தம். அப்புறம் சுழலும் கம்பிச் சக்கரம். அப்புறம் கிரைண்டர். கடைசியில் பஃபிங் மாவு. அரை மணி நேரம்தான்! அலகில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பேரன் அதை மஞ்சள் பட்டில் சுற்றிக்கொண்டு வந்தான். கேக் வெட்டியாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று. உறவுக்கூட்டத்தின் நடுவே தாத்தாவின் மடியில் வைத்தான். கிழவர் உறையைத் தடவினார். சிரித்தார். அலகை உருவினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பேரனிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “கேக் வெட்டின கத்தியை ஏன் அய்யா இதற்குள் வைத்தாய்?”

சிரிக்கிறீர்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டே வாரத்தில் பளபளப்பும் போய்ச் செம்மண் நிறத்தில் துரு திரும்பி வந்தது. அந்த ஆசிட்டின் குளோரைடு குழிகளுக்குள் தங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் துரு சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் பாமோர். இரும்பும் நிக்கல் கலந்த உலோகமும் அடுக்கடுக்காக மடித்து அடித்ததில் பிறக்கும் கோலம் அது. கிரைண்டர் தொட்டால் கோலத்தின் மேடுபள்ளம் சமமாகிவிடும். மேலடுக்கு தேய்ந்துபோனால் திரும்பி வராது. கொல்லன் மாதக்கணக்கில் செய்ததை அரை மணியில் அழித்தாயிற்று. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்?

சரியான வழிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சந்தையில் தேங்காய் துருவிக் கொடுப்பவர் சாக்கடையில் ஊற்றும் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய் துருவும் இடத்தில்தான் இரும்புத் துருவுக்கு மருந்து! ஒரு பக்கம் மூடிய நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்றரை அடி போதும். மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும். அலகை அதில் நிற்க வையுங்கள். மறுநாள் எடுத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். இளகிய துரு கரும்பழுப்புச் சேறாக வழியும். கெட்டியான கட்டிகளுக்கு மூங்கில் குச்சி. இரும்பு ஊசி வேண்டாம். தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஊறப்போட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள். தேங்காய்த் தண்ணீர் புளித்துக் காடியாகும், காடி நல்ல இரும்பையும் தின்னும். அலகின் அடியில் இருக்கும் அகன்ற பகுதியை மலாய்க்காரர்கள் கஞ்சா என்பார்கள், அது பெரும்பாலும் தனித் துண்டு. அதற்கும் அலகுக்கும் இடையில் துரு ஒளிந்திருக்கும், அதைத் தவறாமல் பாருங்கள்.

பிறகு எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டை நுரையும். ஜாவாவில் லெராக் என்பது இந்தப் பூந்திக்கொட்டையின் இனம்தான். அலகு சாம்பல் வெள்ளையாக வெளுத்ததும் ஓடும் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, சூடான காற்றில் உலர்த்துங்கள். போனை எடுத்துப் பேசிவிட்டு வந்தால் அதற்குள் செம்பூச்சு படர்ந்துவிடும்.

இனி கோலம். வாராஙான் என்பது நம் சித்த வைத்தியர்கள் தாளகம், மனோசிலை என்கிறார்களே, அந்த வகைப் பாஷாணத்தை எலுமிச்சைச் சாற்றில் கலந்து பூசுவது. இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாய் நிற்கும். வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். பாஷாணமும் அமிலமும் இரும்பும் சேர்ந்தால் ஆர்சின் என்ற கொடிய நச்சுவாயு பிறக்கலாம். இதற்குக் கைதேர்ந்த கொல்லர் வேண்டும். அவரை எங்கே தேடுவது? இதற்காகத்தான் நான் மேடை ஏறியதே.

இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. ஜாவாவில் அவர்களுடைய ஆண்டின் முதல் மாதமான சூரோ வந்தால் ஊரே அலகு கழுவுகிறது. நமக்கு ஏன் முடியாது, டத்தோ? மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போடச் சொல்லுங்கள். ஒரு மூத்த கொல்லர், அவரிடம் சம்பளத்தோடு பயிலும் இரண்டு இளைஞர்கள், நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டி ஒன்று. மலாய்க்காரர் வீட்டு உடைமை, இதில் நமக்கென்ன என்று யாரும் கேட்க வேண்டாம். ஊர்க் கோவிலுக்குக் கூரை போட்டபோது ஏணி பிடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வெள்ளிப் பூணை விட்டுவிடுகிறேன். எண்ணெய் மட்டும் சொல்லி முடிக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கடித்துப் பிசுக்காகும். மணமற்ற கனிம எண்ணெய் பத்து மில்லி, சந்தன எண்ணெய் மூன்று சொட்டு. பஞ்சால் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள், விரலில் ஒட்டக்கூடாது. உறைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், மரம் குடித்து ஊறி அழுக்கைப் பிடிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பை ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பாருங்கள்.

பின்மேசையில் ஒரு குழாய், மூன்று லிட்டர் தேங்காய்த் தண்ணீர், துருப்பிடித்த பழைய அலகு ஒன்று வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே சனிக்கிழமை மேசைக்கான மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழாயை எட்டிப் பாருங்கள். டத்தோ, பேனா இங்கே இருக்கிறது.