தாக்க வந்த செல்லின் கையில் மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். காலோ கையோ மரத்துப்போகும், ஒரு கண் மங்கும், சில வாரங்களில் சரியாகும், அப்புறம் வேறிடத்தில் கிளம்பும். நம் நோய் எதிர்ப்பு செல்களே மூளைக்குள் புகுந்து, நரம்பு இழையைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரித்துவிடுகின்றன. உறை ஓரளவு திரும்ப வளரும். உள்ளிருக்கும் இழை அறுந்தால் அவ்வளவுதான், ஊனம் நிலைத்துவிடும். இன்றைய மருந்துகள் எதிர்ப்பு செல்களை அடக்குகின்றன. இழைக்கென்று நேரடியாக எதுவும் செய்வதில்லை.

இழையைக் காக்கும் பொருள் ஏதாவது உண்டா? உடம்புக்குள்ளேயே உண்டு. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். அதன் இருப்பைக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான ரீட்டா லெவி-மொண்டால்சினி. முசோலினியின் 1938 இனச் சட்டங்கள் யூதரான அவருடைய வேலையைப் பறித்தன. டூரின் வீட்டுப் படுக்கையறையிலேயே கோழி முட்டைக் கருக்களை வைத்து ஆராய்ந்தார்.

போருக்குப் பின் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் அவரோடு சேர்ந்தார். அந்தக் காரணி புரதமா, டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் பாம்பு விஷத்தைக் கலந்தார் கோஹன். நரம்பு இழைகளின் வளர்ச்சி நிற்கும், அல்லது அப்படியே இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இழைகள் முன்பைவிட அடர்த்தியாகக் கிளம்பின! விஷத்திலேயே அந்தக் காரணி ஏராளமாக இருந்திருக்கிறது. விஷப்பைக்கு இணையான உறுப்பு எலியில் எது? உமிழ்நீர்ச் சுரப்பி. அங்கேயும் கிடைத்தது. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, எம்.எஸ்.-க்கு வருவோம். 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த பி.டி.என்.எஃப். என்ற காரணியை, தூண்டப்பட்ட எதிர்ப்பு செல்களே தயாரிக்கின்றன, எம்.எஸ். நோயாளிகளின் மூளைப் புண்களிலும் அது தென்பட்டது. வீட்டைக் கொளுத்த வந்தவன் இடுப்பில் தண்ணீர்க் குடமும் இருந்த கதை. எதிர்ப்பு செல்களை ஒட்டுமொத்தமாக ஒடுக்கும்போது அந்தக் குடமும் போகிறதோ என்ற கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

மறு ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. எம்.எஸ். போன்ற நோயை மார்மோசெட் என்ற சிறு குரங்குகளுக்கு உண்டாக்கி, மூளை அறைக்குள் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தொடர்ந்து செலுத்தினார்கள். நோய் தள்ளிப்போனது, புண்கள் முழுதாக உருவாகவில்லை. அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா குறைந்தது, தணிக்கும் இன்டர்லூக்கின்-10 கூடியது. ஆக, இந்தக் காரணி நரம்புக்குத் தீனி போடுவதோடு நிற்காமல் சண்டையையும் தணிக்கிறது.

ஆனால் விலங்கில் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிக்காது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் மருந்து விலங்குகளில் அருமையாக வேலை செய்தது. 1990-களில் எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நோய் முற்றியது. தவிர, ஊசியாகப் போட்டால் இந்த வளர்ச்சிக் காரணிகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதே அரிது. நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு இன்னொரு குணம், அது வலியைக் கிளப்பும். மூட்டுவலிக்கு அதைத் தடுக்கும் மருந்தையே சோதித்துப் பார்த்தார்கள் என்றால் பாருங்கள்.

இதற்கிடையே "நரம்பை வளர்க்கும்" என்று காளான் மாத்திரைகள் விற்கிறார்கள். எம்.எஸ்.-ஐ அவை தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி, மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தாக நரம்பு வளர்ச்சிக் காரணி முதலில் அங்கீகாரம் பெற்றது கண்ணில்தான். உணர்ச்சி நரம்பு பழுதாகிப் புண்ணாகும் கருவிழிக்கு, 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் சொட்டு மருந்தாக அனுமதித்தார்கள். எம்.எஸ்.-இலும் கண் மங்குகிறதே, விடலாமா என்று கேட்பீர்கள். பலனில்லை. சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்புக்கு. எம்.எஸ்.-இல் அடிபடுவது கண்ணுக்குப் பின்னாலிருக்கும் பார்வை நரம்பு.

நன்றி, வணக்கம்.