பீனோ ஆல்பம்: ஒலியைக் குறைக்க மறுத்த கிட்டார்

[திரையில்: ஆல்பத்தின் அட்டை]

இந்த அட்டையைப் பாருங்கள். சுவரோரமாக நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கேமராவை ஏறிட்டும் பார்க்காமல், 'பீனோ' என்ற சிறுவர் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் எரிக் கிளாப்டன். அப்போது வயது 21. ஆல்பத்தின் பெயர் 'ப்ளூஸ் ப்ரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்'. ஆனால் ரசிகர்களுக்கு இது 'பீனோ ஆல்பம்'தான். டெக்கா நிறுவனம் 1966 ஜூலையில் வெளியிட்டது.

ப்ளூஸ் ப்ரேக்கர்ஸ் என்பதுதான் குழுவின் பெயர், தலைவர் ஜான் மேயால். பாட்டு, ஆர்கன், ஹார்மோனிகா எல்லாம் அவர். பாஸ் கிட்டார் ஜான் மெக்வீ, டிரம்ஸ் ஹியூயி ஃப்ளின்ட். யார்ட்பேர்ட்ஸ் குழு ப்ளூஸை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை, விட்டு பாப் பக்கம் சாய்கிறது என்று 1965-இல் அதைவிட்டு வெளியேறியவர் கிளாப்டன். ஹிட் பாட்டு கொடுத்த குழுவையே உதறிவிட்டு வந்த பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் ஸ்டுடியோவுக்குள்ளும் வந்தது.

[திரையில்: கிட்டாரும் ஆம்பும்]

அவர் கையில் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் என்ற மின்சாரக் கிட்டார். அந்த வடிவத்தைத் தயாரிப்பதையே கிப்சன் அப்போது நிறுத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு மார்ஷல் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. மேடையில் வாசிக்கிற அதே சத்தத்தில்தான் ஸ்டுடியோவிலும் வாசிப்பேன் என்றார் கிளாப்டன். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் திகைத்துப்போனார். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் இது கிட்டத்தட்ட குற்றம். கிட்டார் சத்தம் டிரம்ஸின் மைக்கிலெல்லாம் புகுந்துவிடும், ஒலியளவைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடும். ஆனாலும் கிளாப்டன் அசையவில்லை. தயாரிப்பாளர் மைக் வெர்னனும் அவர் போக்கிலேயே விட்டார்.

ஏன் அவ்வளவு சத்தம் வேண்டும்? இந்த மாதிரி வெற்றிடக் குழாய்களால் (வால்வுகளால்) இயங்கும் ஆம்பை ஓரளவுக்கு மேல் முடுக்கினால், அதனால் ஒலியலையை அப்படியே பெரிதாக்க முடியாது. அலையின் உச்சிகள் நசுங்கித் தட்டையாகின்றன. அப்போது புதிய மேல்சுரங்கள் பிறந்து ஒலி தடிக்கிறது, கொஞ்சம் கரகரப்பும் சேர்கிறது. மெதுவாகத் தொட்டதும் ஓங்கி மீட்டியதும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால், சுரம் சட்டென்று செத்துவிடாமல் நீள்கிறது. மனிதக் குரல் இழுப்பதுபோல. குமிழைத் திருகிக் குறைத்தால் இந்த மாயம் போய்விடும். கிளாப்டனுக்கு அது தெரியும்.

[ஒலி: முதல் பாடலின் தொடக்கம்]

முதல் பாட்டு 'ஆல் யுவர் லவ்', சிகாகோவின் ஓடிஸ் ரஷ் 1958-இல் பதிவு செய்தது. முதலில் அசைந்தாடும் லத்தீன் நடை. நடுவில் தாளம் மாறித் துள்ள ஆரம்பிக்கும். அந்தத் திருப்பத்தில் கிட்டாரைக் கவனியுங்கள். அப்புறம் 'ஹைட்அவே', ஃப்ரெடி கிங்கின் மெட்டு. இதில் பாட்டே கிடையாது, கிட்டாரே பேசுகிறது. ஆனால் எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் 'ஹேவ் யூ ஹெர்ட்'. மெதுவான ப்ளூஸ், மேயால் எழுதியது. அதன் சோலோவில் கிளாப்டன் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்.

எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். 'வாட்'ட் ஐ சே'யில் வரும் டிரம் சோலோ நீளம், நான் தாண்டிவிடுவேன். ஆனால் அதே பாட்டில் பீட்டில்ஸின் 'டே ட்ரிப்பர்' மெட்டை நைசாக நுழைத்திருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். ராபர்ட் ஜான்சனின் 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்' பாட்டைக் கிளாப்டனே பாடுகிறார். கிட்டாரில் அவ்வளவு திமிர் காட்டுபவரின் குரலில் கூச்சம் தெரிகிறது.

[திரையில்: மீண்டும் அட்டை]

பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 6-ஆம் இடம்வரை ஏறியது. அது கடைக்கு வந்த நேரத்தில் கிளாப்டன் குழுவிலேயே இல்லை. க்ரீம் என்ற புதுக் குழுவைத் தொடங்கியிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் பீட்டர் க்ரீன். க்ரீனும் மெக்வீயும் பிறகு ஃப்ளீட்வுட் மேக் என்ற குழுவுக்குப் போனார்கள். அந்த மார்ஷல் ஆம்புக்கு 'ப்ளூஸ்ப்ரேக்கர்' என்றே பெயர் நிலைத்தது. கிப்சன் 1968-இல் லெஸ் பாலை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது.

ஆனால் இதில் ஒலிக்கிற அந்த ஒரு லெஸ் பால், 1966-லேயே திருடுபோய்விட்டது.