நெப்போலியன் வெட்டிய கால்வாய், ஊரே மூக்கைப் பிடித்த கால்வாய்: பெல்ஜியத்தில் 15 கிலோமீட்டர் சைக்கிள் சவாரி

(திரையில்: கால்வாய்க் கரை. இரு பக்கமும் பாப்லர் மரங்கள்.)

வணக்கம் மக்களே! இந்த மரங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேமராவை நான் கோணலாகப் பிடிக்கவில்லை. மரங்கள்தான் கோணல். வரிசையில் நிற்கிற அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. காரணம் என்ன? யோசித்துக்கொண்டே வாருங்கள். இது தெரியாமல் இங்கே சைக்கிளை எடுத்தவர்கள் மாலையில் தொடையைத் தடவிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

இடம், பெல்ஜியத்தின் வடமேற்கு மூலை. புரூஜ் நகரத்தில் புறப்பட்டு, டாம்மே என்ற குட்டி ஊரைத் தாண்டி, நெதர்லாந்து எல்லைக்குள் இருக்கிற ஸ்லாய்ஸ் வரை போகிறோம். சுமார் 15 கிலோமீட்டர். வழியெல்லாம் கால்வாய், கால்வாயை ஒட்டிப் பாதை, சுற்றிலும் புல்வெளி, பசுமாடு. மேடு என்ற பேச்சே இல்லை. சாதாரணமாக மிதித்தாலே ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஆள் என்றால் தயவுசெய்து வேறு வீடியோ பாருங்கள். இது ஒரு முழு நாளுக்கான பாதை.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1134இல் ஒரு பெரும் புயல் கடற்கரையைக் கிழித்து உள்நாட்டுக்குள் ஒரு கடல் கழியை உண்டாக்கியது. அதன் பெயர் ஸ்வின். அந்த நீர்வழி கிடைத்ததும் புரூஜ் ஐரோப்பாவின் பெரிய வணிக நகரமாகிவிட்டது. பெரிய கப்பல்கள் டாம்மேயில் நிற்கும், சரக்கு சின்னப் படகில் ஏறி புரூஜுக்குப் போகும். அப்புறம் கழி மெல்ல மெல்ல வண்டல் சேர்ந்து தூர்ந்தது. வியாபாரம் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தின் பக்கம் போனது. புரூஜில் காசு இல்லை, அதனால் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டவும் ஆளில்லை. அந்த ஏழ்மையைத்தான் இப்போது உலகமே வரிசையில் நின்று படம் எடுக்கிறது. 2000இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வரலாறு முடிந்தது, வாருங்கள் சைக்கிளுக்கு.

வாடகைக்கு எடுக்கும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிரேக் எங்கே? சில சைக்கிள்களில் பின் பிரேக் கைப்பிடியில் இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிடிக்கும். நம் ஊரில் சும்மா பெடலைப் பின்னால் சுற்றி விளையாடிய கால்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. நடுச்சாலையில் சடாரென்று நிற்பீர்கள், பின்னால் வருகிற பாட்டி பெல்லை அடித்துவிட்டு உங்களைத் தாண்டிப் போவார்.

புரூஜின் கடைவீதிச் சதுக்கத்தில் 83 மீட்டர் உயர மணிக்கோபுரம், 366 படிகள். ஏறாதீர்கள் என்று சொல்லமாட்டேன், காலையில் ஏறாதீர்கள் என்கிறேன். கால் நமக்கு வேண்டும். கருங்கல் பதித்த தெருக்கள் எலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும், அதைப் பொறுத்துக்கொண்டு வடகிழக்கு முனையில் இருக்கிற டாம்போர்ட் பக்கம் வந்துவிடுங்கள். கோட்டை மேட்டின் மேல் காற்றாலைகள் தெரியும். அவற்றுக்கு அருகேதான் நம் கால்வாய் தொடங்குகிறது.

(திரையில்: வரைபடம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஒரு நீலக்கோடு.)

இயற்கை இவ்வளவு நேராகக் கோடு போடாது. இது நெப்போலியன் உத்தரவு. கடலில் பிரிட்டிஷ் கடற்படை காவல் காக்கிறது, பிரெஞ்சுக் கப்பல் தலைகாட்ட முடியவில்லை. அப்படியானால் கடலுக்கே போகாமல் உள்நாட்டு வழியாக ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய்விடலாமே என்று ஒரு யோசனை. 1810 வாக்கில் வேலை தொடங்கியது. வெட்டியவர்களில் ஸ்பெயின் போர்க் கைதிகள் ஏராளம். நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே மிதிக்கிற இந்த அழகான கரையில் கைதிகளின் வியர்வை இருக்கிறது, அதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் திட்டமிட்டபடி முடிவதற்குள் நெப்போலியனே வீழ்ந்துவிட்டார். எந்தப் போர்த் தந்திரத்துக்காக வெட்டினார்களோ அதற்கு இது ஒருநாளும் உதவவில்லை.

சரி, மரங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. பல பத்தாண்டுகள் ஒரே பக்கமிருந்து தள்ளினால் மரம் வடகிழக்கே சாயாமல் என்ன செய்யும்? இப்போது நம் பாதையைப் பாருங்கள். புரூஜிலிருந்து ஸ்லாய்ஸ், அதே வடகிழக்கு! போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ‘அடடா, எனக்கு இவ்வளவு தெம்பா’ என்று தோன்றும். அந்தத் தெம்பு உங்களுடையது இல்லை. திரும்பும்போது காற்று முழுவதையும் முகத்தில் வாங்கவேண்டும். மலையே இல்லாத நாட்டில் காற்றுதான் மலை. கிளம்பும் முன் வானிலைச் செயலியில் மழையைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, காற்றின் திசையைப் பாருங்கள்.

டாம்மே வந்துவிட்டது. நிதானமாக வந்தாலும் அரை மணி நேரம்தான். ஒரு பெரிய நகரமன்றம், ஒரு சின்னச் சதுக்கம், பழைய புத்தகக் கடைகள். 1468இல் பர்கண்டி கோமகன் சார்லஸ், இங்கிலாந்து அரசனின் தங்கை மார்கரெட்டை இந்த ஊரில்தான் மணந்தார். ட்ரோன் காட்சியில் பார்த்தால் ஊரைச் சுற்றி ஏழு முனை நட்சத்திர வடிவத்தில் பழைய கோட்டை அரணின் தடம் தெரியும். நெப்போலியனின் கால்வாய் அந்த நட்சத்திரத்தை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஊரைச் சுற்றிப் போகலாமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடம். இந்த வீடியோவே இதற்காகத்தான், பொறுமையாகக் கேளுங்கள்.

(திரையில்: அருகருகே ஓடும் இரண்டு கால்வாய்கள், நடுவே ஒரு கரை.)

டாம்மேயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், நம் கால்வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னும் இரண்டு கால்வாய்கள் வருகின்றன. ஒன்று அல்ல, இரண்டு. ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி, ஒரு கரை மட்டும் இடையில் விட்டு, இரண்டும் ஒரே கடலை நோக்கி ஓடுகின்றன. ஒரே இடத்துக்குப் போகிற தண்ணீருக்கு எதற்கு இரண்டு கால்வாய்? ஒன்றை அகலமாக வெட்டியிருந்தால் செலவு மிச்சம்தானே?

முதல் கால்வாய் அரசியலில் பிறந்தது. 1830இல் பெல்ஜியம் நெதர்லாந்தை விட்டுப் பிரிந்தது. இந்தப் பகுதி முழுக்கக் கடலிடமிருந்து மீட்ட தாழ்நிலம். மழைநீரை வடித்துவிட்டால்தான் பயிர் பிழைக்கும். ஆனால் வடிகால் வாய்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் டச்சுக்காரர்கள் கையில். கோபத்தில் இருக்கிற அண்டைவீட்டுக்காரர் சாக்கடைக்கு வழிவிடுவாரா? வயல்கள் மூழ்கின. கடைசியில் பெல்ஜியம் தன் மண்ணிலேயே கடல் வரைக்கும் ஒரு வடிகால் வெட்டியது. 1840களில் வேலை தொடங்கியது, முதல் மன்னரின் பெயரில் லியோபோல்ட் கால்வாய்.

இரண்டாவது கால்வாய் மூக்கில் பிறந்தது. தெற்கே லெய்ய ஆறு, அதன் கரையில் கோர்ட்ரைக் நகரம். லினன் துணிக்கான ஆளிச் செடியை ஊறவைப்பதில் பேர்போன இடம். செடியின் தண்டுக்குள்தான் நார் இருக்கிறது. கட்டுக்கட்டாக ஆற்றில் அமுக்கிவைத்தால், பாக்டீரியா நாரை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தின்னும், நார் பிரிந்து வரும். கன்னியாகுமரிப் பக்கம் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போடுவார்களே, அதே வேலை. அந்த வாசனை தெரிந்தவர்கள் இப்போதே முகம் சுளித்திருப்பீர்கள். அதை ஓர் ஆறு முழுக்கச் செய்ததாக நினைத்துப் பாருங்கள்.

ஆறு கீழே ஓடி கென்ட் நகரத்துக்குப் போகும். வெள்ளம் வந்தால் வெள்ளம், வெயில் வந்தால் நாற்றம். அதனால் நகரத்துக்கு மேலேயே, டெய்ன்ஸ என்ற இடத்தில் ஆற்றுநீரைப் பிரித்துக் கடலுக்குத் திருப்பிவிட ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதுதான் ஸ்கிப்டோங்க் கால்வாய். நகரத்து மூக்கு தப்பித்தது, கிராமத்து மூக்கு மாட்டிக்கொண்டது. எந்த ஊரில்தான் வேறு மாதிரி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்ணீர். ஒன்று வயல் வடிநீர், சுத்தமாக மினுங்கும். இன்னொன்று ஆளி ஊறிய நீர், குடலைப் புரட்டும். உள்ளூர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்: மினுங்குவது பிளிங்கர், நாறுவது ஸ்டிங்கர்! அரசு வரைபடத்தில் மன்னர் பெயர் இருந்தென்ன, இன்றைக்கும் ஊர் வாயில் பிளிங்கர், ஸ்டிங்கர்தான். இப்போது ஸ்டிங்கர் அந்த மாதிரி நாறுவதில்லை, தைரியமாக நின்று படம் எடுக்கலாம்.

ஆனால் நெப்போலியன் கால்வாய் குறுக்கே இருக்கிறதே, எப்படித் தாண்டின? அடியில் புகுந்து மறுபக்கம் எழும்பும்படி, தண்ணீருக்கு ஒரு சுரங்க வழி கட்டினார்கள். அதனால்தான் இந்த இடத்துக்கே சைஃபன் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் அது தகர்க்கப்பட்டது, புரூஜிலிருந்து நேராக ஸ்லாய்ஸ் போகும் படகு வழி அதோடு போச்சு. சைக்கிளுக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த வட்டாரத்தில் பச்சை மூலிகைச் சாறில் வேகவைத்த விலாங்கு மீன் ரொம்பப் பிரபலம். விலாங்கு என்றதும் ‘ஐயே’ என்பவர்களுக்கு உருளை வறுவல் இருக்கிறது.

எல்லை? கேட் இல்லை, காவலர் இல்லை, பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பலகை மாறியிருப்பதைப் பார்த்துத்தான் நாடு மாறியது தெரியும்.

ஸ்லாய்ஸ் அருகே வயலில் நிற்கிறோம். மாடு மேய்கிறது. 1340இல் இந்தப் பக்கம் எல்லாம் ஸ்வின் கழியின் தண்ணீர். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு வந்து, 200க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் கொண்ட படையை இந்தக் கழி முகத்தில்தான் நொறுக்கினார்.

ஊருக்குள் மணிக்கோபுரத்தில் யான்சே என்ற மரபொம்மை மணி அடிக்கும். அதோடு ஒரு கதையும் உண்டு. 1606இல் ஸ்பெயின் படை நள்ளிரவில் ஊரைச் சுற்றி வளைத்தது. மணி அடித்ததும் எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பாயவேண்டும், இதுதான் திட்டம். மணியைக் கவனிக்கவேண்டிய ஆள் அன்றைக்குக் குடித்துவிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் தூங்கிவிட்டார். மணி அடிக்கவே இல்லை. படை குழம்பியது, ஊர் தப்பியது. எவ்வளவு நிஜமோ, அந்தக் குடிகாரருக்குக் கிடைத்த புகழ் அந்த ஊர் ஒழுக்கசீலர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. 1944இல் குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமானது, கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள்.

கடைசியாக, திரும்பும் வழி. வந்த கரையிலேயே எதிர்காற்றில் போகாதீர்கள். வழியெல்லாம் கம்பங்களில் எண்கள் இருப்பதைப் பார்த்தீர்களா? பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். போகவேண்டிய எண்களை வரிசையாகச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி வழிகாட்டும். இதை வடிவமைத்த ஹியூகோ போலன் ஒரு சுரங்கப் பொறியாளர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்கச் சந்திப்புகளுக்கு எண் போடும் பழக்கத்தை எடுத்து, 1990களில் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாநிலச் சைக்கிள் பாதைகளில் வைத்தார். சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸ், நெதர்லாந்து எங்கும் பரவியது. கூகுள் மேப்பைவிட இது எனக்குப் பத்து மடங்கு பிடிக்கும். சார்ஜ் தீராது, ‘யூ டர்ன் எடுக்கவும்’ என்று அதட்டாது.

வீடுகளும் மர வரிசைகளும் காற்றை மறைக்கிற ஊர்ப்பாதைகளாகப் பார்த்து எண்களைக் கோத்துக்கொள்ளுங்கள். அவசரமே வேண்டாம், ஜூனில் இரவு பத்து மணி வரை அங்கே வெளிச்சம் இருக்கும். இதற்கெல்லாம் மின் சைக்கிள்தான் சரி என்பவர்கள் ஒரு பக்கம், மோட்டார் வைத்தால் அது சைக்கிளே இல்லை என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் மோட்டார் கட்சி, வெட்கமே இல்லை. நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் அடித்துக்கொள்ளுங்கள், நான் விலாங்கு சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கிறேன்.